தேய்வும் திருத்தமும்: நான்கு ஹெட் காணொளி நாடாப் பதிவுக்கருவியின் பராமரிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய நான்கு ஹெட் காணொளி நாடாப் பதிவுக்கருவி, தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு கண்டுபிடிப்பாகவே பெரிதும் பேசப்படுகிறது. அக்கருவியை நாள்தோறும் சீர்செய்து இயக்கிய பராமரிப்புப் பணி அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. ஓர் இயந்திரத்தில் பதிந்த நாடா மற்றோர் இயந்திரத்தில் ஓடும் நிலை வடிவமைப்பால் மட்டும் உண்டானதன்று. அளவிடுதல், தர நாடாவோடு ஒப்பிடுதல், தேய்வைக் கணக்கிடுதல் ஆகிய தொடர் உழைப்பால் உண்டானது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவ்வுழைப்பின் மறைவு இன்றைய ஆவணக் காப்பகங்களுக்கு விட்டுச் சென்றுள்ள சிக்கலும் இறுதிப் பகுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: காணொளி நாடா, ஆம்பெக்ஸ், பராமரிப்பு, ஹெட் தேய்வு, பரிமாற்றத் தகுதி, தர நாடா, ஆவணக் காப்பகம்.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் முதலில் செய்தார், எந்த ஆண்டில் செய்தார் என்னும் வினாக்களே அதில் முதன்மை பெற்றன. ஒரு கருவி பயன்பாட்டுக்கு வந்தபின் அது எவ்வாறு இயங்கியது, யாரால் பழுது நீக்கப்பட்டது, எவ்வளவு காலம் உழைத்தது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. டேவிட் எட்ஜர்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இப்போக்கைக் கேள்விக்கு உட்படுத்தி, பயன்பாட்டையும் பராமரிப்பையும் வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என வலியுறுத்தியுள்ளனர்.

இப்பார்வையைச் சோதித்தறிய, ஒளிபரப்பு நிலையங்களில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் கோலோச்சிய இரண்டு அங்குல நாடாப் பதிவுக்கருவி மிகப் பொருத்தமான சான்றாகும். பயன்படுத்துந்தோறும் தன்னையே தேய்த்துக்கொள்ளும் கருவி அது. எனவே, பராமரிப்பு அதன் இயக்கத்திலிருந்து பிரிக்க இயலாத ஒரு கூறாக இருந்தது. தொழிலகங்களில் ‘குவாட்ரப்ளெக்ஸ்’ என வழங்கப்பட்ட இவ்வகைக் கருவியே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

1. பதிவின் தேவை

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்கு நேரலையாக ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சி, லாஸ் ஏஞ்சல்சில் பிற்பகல் நான்கு மணிக்கு உரியதாயிற்று. மேற்குக் கரையிலும் மாலையிலேயே அதனைக் காட்ட வேண்டுமெனில், இடையில் அதைச் சேமித்து வைத்தாக வேண்டும். தொலைக்காட்சித் திரையை நேரே திரைப்படக் கருவியால் படம்பிடித்து, அவசரமாகக் கழுவி, மீண்டும் ஒளிபரப்பும் ‘கினெஸ்கோப்’ முறை இதற்குப் பயன்பட்டது. படச்சுருளுக்கான செலவும், கழுவுவதற்கான நேரமும், படத்தெளிவின் இழப்பும் இம்முறையின் குறைபாடுகளாகும்.

ஒலியைக் காந்த நாடாவில் பதியும் முறை அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. ஆயினும் படத்தைப் பதிவது எளிதாக இல்லை. ஒலிக்கு நொடிக்குச் சில ஆயிரம் அதிர்வுகள் போதும். தொலைக்காட்சிப் படத்துக்கோ நொடிக்கு நாற்பது இலட்சம் அதிர்வுகள் வரை தேவைப்பட்டன. அசையாத ஹெட்டின் முன் நாடாவை மிக விரைவாக ஓட்டுவதே தொடக்கத்தில் பலர் கண்ட வழி. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1953இல் செய்து காட்டிய கருவியில் நாடா நொடிக்கு 360 அங்குலம் ஓடியது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி. உருவாக்கி, 1958இல் மக்களுக்குக் காட்டிய ‘வேரா’ என்னும் கருவியில் அது நொடிக்கு 200 அங்குலம் ஓடியது. பெரிய சுருள் ஒன்றில் 15 நிமிட அளவே பதிய முடிந்தது.

அலெக்சாண்டர் பொனியாட்டாஃப் 1944இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆம்பெக்ஸ் நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் சார்லஸ் ஆண்டர்சன், ரே டால்பி, ஷெல்பி ஹெண்டர்சன், அலெக்ஸ் மேக்சி, ஃபிரெட் ஃபோஸ்ட் ஆகியோர் அடங்கிய குழு, நாடாவை மெதுவாக ஓடவிட்டு ஹெட்டை விரைவாகச் சுழற்றியது. இக்குழு உருவாக்கிய வி.ஆர்.எக்ஸ்-1000 கருவி 1956 ஏப்ரல் 14 அன்று சிகாகோவில் ஒளிபரப்பாளர் மாநாட்டையொட்டிக் காட்சிப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சி.பி.எஸ். நிறுவனம், டக்ளஸ் எட்வர்ட்ஸ் வழங்கிய செய்தி நிகழ்ச்சியை ஹாலிவுட்டில் நாடாவில் பதிந்து மேற்குக் கரைக்குத் தாமதமாக ஒளிபரப்பியது.

2. கருவியின் அமைப்பு

பராமரிப்பின் தன்மையை உணரக் கருவியின் அமைப்பை அறிதல் வேண்டும். நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். அது நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஏறத்தாழ இரண்டு அங்குல விட்டமுடைய சிறு சக்கரம் ஒன்றின் விளிம்பில் நான்கு ஹெட்டுகள் 90 பாகை இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கும். அச்சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழலும். ஹெட் நாடாவின் குறுக்கே செல்லும் வேகம் இதனால் நொடிக்கு ஏறத்தாழ 1,500 அங்குலம் ஆகும்; இது மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பானது. படக்குறிகை நேரடியாகப் பதியப்படாமல், அதிர்வெண் பண்பேற்ற முறையில் பதியப்பட்டது.

தட்டையான நாடா, சுழலும் சக்கரத்தின் விளிம்பை அதன் அகலம் முழுவதும் தொட வேண்டும். இதற்காக, குழிவாகக் கடையப்பட்ட உலோகத் தாங்கி ஒன்று நாடாவின் பின்புறம் அமைக்கப்பட்டது. அதிலுள்ள பள்ளங்கள் வழியே காற்று உறிஞ்சப்பட, நாடா வில்போல வளைந்து தாங்கியில் படியும். வளைந்த அந்நாடாவுக்குள் ஹெட்டின் நுனி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவே அழுந்திச் செல்லும். நாடாவின் ஒரு விளிம்பில் ஒலித்தடமும், மறு விளிம்பில் கட்டுப்பாட்டுத் தடமும் அசையா ஹெட்டுகளால் பதியப்பட்டன. திரைப்படச் சுருளின் ஓரத்துளைகள் செய்யும் பணியை இக்கட்டுப்பாட்டுத் தடம் செய்தது எனலாம்.

ஒரு ஹெட் ஒருமுறை நாடாவைக் கடக்கையில் படத்தின் ஏறத்தாழ 16 கிடைக்கோடுகள் மட்டுமே பதிவாகும். ஆகவே, திரையில் தோன்றும் ஒரு முழுப்படம் பல பட்டைகளை மேலிருந்து கீழாக அடுக்கியதாகும். நான்கு ஹெட்டுகளும் ஒத்துழைத்தால் அப்பட்டைகளின் எல்லை கண்ணுக்குத் தெரியாது. ஒத்துழையாதபோது எல்லைகள் வெளிப்பட்டுவிடும்.

இவ்வொத்துழைப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். சக்கரம் ஒருமுறை சுழல ஆகும் நேரம் நொடியின் 240இல் ஒரு பங்கு. நான்கு ஹெட்டுகளுள் ஒன்று தன் இடத்திலிருந்து ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகியிருப்பினும், 0.19 மைக்ரோநொடி காலப்பிழை நேரும். 50 செ.மீ. அகலமுள்ள திரையில் அது ஏறத்தாழ 2 மி.மீ. இடப்பெயர்ச்சியாகத் தோன்றும். செங்குத்தாக நிற்கும் கதவுநிலை ஒன்று, நான்கு பட்டைகளுக்கு ஒருமுறை உடைந்து நகர்ந்ததுபோல் காணப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது கண்ணை உறுத்தும் குறை. வண்ணப் படத்திலோ, நிறத்தைச் சுமக்கும் துணையலையின் ஒரு முழுச் சுற்றே ஏறத்தாழ 0.28 மைக்ரோநொடிதான் என்பதால், நிறமே முற்றிலும் மாறிவிடும்.

3. அன்றாடப் பராமரிப்பு

இத்தகைய கருவியைப் பொத்தானை அழுத்தி இயக்கிவிட இயலாது. தொடக்கக் கால இயந்திரங்கள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை; அவை சூடேறி நிலைபெறும் வரை எந்த அளவும் நம்பத்தக்கதன்று. அதன்பின் நாடா செல்லும் பாதையைத் துடைத்தல், ஹெட்டுகளைத் தூய்மை செய்தல், தேங்கிய காந்தத்தன்மையை நீக்குதல், உறிஞ்சு காற்றின் அழுத்தத்தைச் சரிபார்த்தல் ஆகிய பணிகள் தொடர்ந்தன. நாடாவிலிருந்து உதிரும் ஆக்சைடு துகள் ஒரு ஹெட்டின் நுண்ணிய இடைவெளியை அடைத்தாலே, படத்தில் நான்கில் ஒரு பட்டை இரைச்சலாக மாறிவிடும்.

அடுத்து வருவது தாங்கியின் நிலை. இதில் இரு திருத்தங்கள் இன்றியமையாதவை. தாங்கி சக்கரத்தை நோக்கி அளவுக்கு மிகுதியாக நெருங்கினாலோ விலகினாலோ, நாடா நீளும் அளவு மாறி, செங்குத்துக் கோடுகள் ரம்பப் பற்களைப் போலச் சாயும். தாங்கியின் உயரம் பிழைபட்டால் அதே கோடுகள் பிறைகளை அடுக்கியதுபோல் வளையும். பொறியாளர் திரையில் தோன்றும் இவ்விரு வடிவங்களையும் பிரித்தறிந்து, எந்தத் திருகை எத்திசையில் திருப்ப வேண்டும் என முடிவுசெய்தார். திரையிலுள்ள குறை, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தின் மொழியாக அவருக்குப் பொருள்பட்டது.

பதிவுக்கு முன் ஒவ்வொரு ஹெட்டுக்கும் உரிய மின்னோட்டம் தனித்தனியே சீரமைக்கப்பட்டது. சிறிது பதிந்து, திரும்ப ஓட்டி, விளைவைக் கண்டு மீண்டும் திருத்துவதே வழக்கம். ஓட்டிக் காட்டும்போது நான்கு ஹெட்டுகளின் வெளியீடும் ஒருங்கே நிற்குமாறு சமன்செய்ய வேண்டும். சமன் குலைந்தால், ஒரே முகத்தின் நெற்றி ஒரு நிறமாகவும் கன்னம் மற்றொரு நிறமாகவும் பட்டை பட்டையாகத் தோன்றும்.

இவை அனைத்துக்கும் அடியில் தேய்வு என்னும் மாறாத உண்மை இருந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஆக்சைடு பூச்சின் மேல் உராயும் ஹெட் நுனி நாள்தோறும் குறைந்துகொண்டே வரும். தொடக்கக் கால ஹெட்டுகள் ஏறத்தாழ 100 மணி நேரமே உழைத்தன. சக்கரமும் மோட்டாரும் தாங்கியும் ஒருங்கே அமைந்த ஹெட் தொகுதி, தேய்ந்தபின் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. ஆதலால், எந்தத் தொகுதி எத்தனை மணி நேரம் ஓடியது என்னும் கணக்கு நிலையத்தின் செலவையும் நிகழ்ச்சித் திட்டத்தையும் நேரடியாகப் பாதித்தது. புதிய ஹெட்டோடு முந்தைய நாள் சீரமைத்த அளவு, தேய்ந்த ஹெட்டுக்குப் பொருந்தாது. எனவே, சீரமைப்பு என்பது நாள்தோறும் மீளச் செய்ய வேண்டிய பணியாயிற்று.

4. பரிமாற்றத் தகுதியும் தர நாடாவும்

தொடக்கக் கால இயந்திரங்களில், ஒரு நாடாவை அதைப் பதிந்த அதே ஹெட் தொகுதியைக் கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. நான்கு ஹெட்டுகளின் கோணப்பிழை ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தன்மை உடையது. அதே தொகுதியில் ஓட்டும்போது, பதிவின் பிழையும் வாசிப்பின் பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வேறு தொகுதியில் ஓட்டினால் இரண்டும் வெளிப்படும். இதன் வரலாற்று உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. சில மணி நேரத் தாமத ஒளிபரப்புக்கு இந்நிலை போதுமானதே. ஆனால் நாடாவை வேறு நிலையத்துக்கு அனுப்பவோ, பல ஆண்டுகள் சேமிக்கவோ இந்நிலையில் இயலாது. 1956இல் பிறந்தது தாமதக் கருவி மட்டுமே. ஆவணக் கருவி பின்னர்தான் பிறந்தது எனலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. ஹெட்டுகளின் கோண இடைவெளியைத் துல்லியமாக்கும் உற்பத்தி முறை அதன் ஒரு பகுதி. பொது அளவுகோலாக விளங்கிய தர நாடா மற்றொரு பகுதி. மிகுந்த கவனத்தோடு சீரமைக்கப்பட்ட இயந்திரத்தில் பதிந்த நாடாவை எல்லா நிலையங்களும் பெற்று, அது திரையில் நேராகத் தோன்றும் வரை தத்தம் தாங்கியின் நிலையைத் திருத்திக்கொண்டன. பின்னர் அதே நிலையில் தம் பதிவுகளைச் செய்தன. தொலைவில் உள்ள இரு இயந்திரங்கள் ஒன்றையொன்று காணாமலே ஒத்த அளவுக்கு வந்தன. எடைக்கற்களுக்கு மூலக்கல் எப்படியோ, பதிவுக்கருவிகளுக்குத் தர நாடா அப்படி. ஆயினும் மூலக்கல் தானே எடை நிறுப்பதில்லை. அதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் கை வேண்டும். தேய்வு ஓயாதது என்பதால் அவ்வொப்பீடும் ஓயாததாயிற்று.

இம்முயற்சியின் பயனை 1959 ஜூலை 24 அன்று மாஸ்கோவில் நிகழ்ந்த நிக்சன்–குருசேவ் உரையாடல் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்கக் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த ஆம்பெக்ஸ் கருவி அவ்வுரையாடலை வண்ணத்தில் பதிந்தது. நாடா அமெரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாளே அந்நாட்டின் மூன்று பெரும் தொலைக்காட்சி நிறுவனங்களாலும் ஒளிபரப்பப்பட்டது. இந்நிகழ்வு பனிப்போர் அரசியலின் ஒரு தருணமாகவே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்று நோக்கில், மாஸ்கோவில் ஓர் இயந்திரம் எழுதியதை அமெரிக்காவில் மற்றோர் இயந்திரம் படித்தது என்பதே அதன் சிறப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அது இயலாத செயல்.

நாடாவின் தொடக்கத்தில் பதியப்பட்ட வண்ணப் பட்டைகளும் சீரான ஒலியும் இவ்வொழுங்கின் மற்றொரு வெளிப்பாடாகும். அவை பார்வையாளருக்கு உரியவை அல்ல. பதிந்த பொறியாளர், பின்னொரு நாள் வேறோர் ஊரில் அந்நாடாவை ஓட்டப்போகும் பொறியாளருக்கு விடுத்த செய்தி அது: இப்பட்டைகள் சரியாகத் தோன்றுமாறு கருவியைத் திருத்திக்கொண்டால், பின்வரும் நிகழ்ச்சியும் சரியாகத் தோன்றும். ஒவ்வொரு நாடாவும் தன்னைப் படிப்பதற்கான அளவையும் உடன் சுமந்து சென்றது.

5. தானியங்கித் திருத்தமும் திறனின் இடமாற்றமும்

1960களில் இத்திருத்தப் பணியின் ஒரு பகுதி மின்னணுச் சுற்றுகளுக்கு மாறியது. ஆம்டெக் என்னும் துணைக்கருவி, காலப்பிழைகளை அளந்து, படக்குறிகையைத் தேவையான அளவு தாமதப்படுத்தி நேராக்கியது. கலர்டெக் அதே பணியை வண்ணத்துக்கு வேண்டிய நுண்மையில் செய்தது. இன்டர்சிங்க் சக்கரத்தின் சுழற்சியை நிலையத்தின் பொதுக் காலக்குறியோடு பிணைத்தது. 1961இல் ஆர்.சி.ஏ. வெளியிட்ட டி.ஆர்-22 வெற்றிடக் குழாய்களைத் தவிர்த்து டிரான்சிஸ்டர்களால் அமைந்தது. 1964இல் வந்த ஆம்பெக்ஸ் வி.ஆர்-2000 உயர்ந்த பண்பேற்ற அதிர்வெண்களால் வண்ணப் படத்தின் தரத்தை மேம்படுத்தியது.

இவை பராமரிப்பை நீக்கிவிட்டன எனக் கருதுதல் பொருந்தாது. அவை பராமரிப்பின் இடத்தை மாற்றின. தாங்கியைத் திருகிய கை, இப்போது தாமதச் சுற்றுகளின் அளவைச் சரிபார்த்தது. மேலும், மின்னணுத் திருத்தம் ஒரு புதிய இடரையும் உடன் கொணர்ந்தது. ஓட்டும் கருவி பிழைகளை மறைத்துவிடுவதால், பிழையோடு சீரமைக்கப்பட்ட இயந்திரத்தின் பதிவும் அவ்விடத்தில் நன்றாகவே தோன்றும். அப்பிழை நாடாவில் நிலைத்து, திருத்தக்கருவி இல்லாத வேறோர் இடத்தில்தான் வெளிப்படும். ஆகவே, பதிவின்போது இயந்திர அளவுகளைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு குறையவில்லை.

1970களின் பிற்பகுதியில் ஓர் அங்குல நாடாவைச் சாய்வாக வாசிக்கும் ‘சி’ வகைக் கருவிகள் பரவின. இவற்றில் ஒரு ஹெட் ஒரே வீச்சில் ஒரு படப்புலம் முழுவதையும் பதிந்ததால், பட்டைகளை ஒட்டும் சிக்கல் மறைந்தது. இரண்டு அங்குலக் கருவிகள் படிப்படியாக நிலையங்களை விட்டு வெளியேறின. அவற்றோடு, திரையின் கோணலைக் கண்டு திருகின் திசையை அறியும் திறனும் வெளியேறியது.

6. காப்பகங்களின் நிலை

நாடா விலை மிகுந்தது. அழித்து மீண்டும் பதியக்கூடியது. இவ்விரு காரணங்களால் ஏராளமான பதிவுகள் நிலையங்களாலேயே அழிக்கப்பட்டன. பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பகுதிகள் பல இவ்வாறு மறைந்தன. எஞ்சியவை பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைக்காக எடுக்கப்பட்ட படச்சுருள் படிகளாகவே கிடைக்கின்றன. காணொளி நாடா எந்தப் படச்சுருள் முறையை வென்றதாகக் கருதப்பட்டதோ, அம்முறையே நினைவைக் காத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அழியாது எஞ்சிய நாடாக்களின் நிலையும் எளிதன்று. 1958இல் என்.பி.சி. ஒளிபரப்பிய, ஃபிரெட் அஸ்டெயர் நடித்த நடன நிகழ்ச்சியின் வண்ண நாடா இதற்குச் சான்று. மூன்று பதின்ம ஆண்டுகளுக்குப் பின் எட் ரைடன், டான் கென்ட், டேன் ஐன்ஸ்டைன் ஆகியோர் அதனை மீட்டுப் புதிய வடிவத்துக்கு மாற்றினர். நாடா சிதைந்திருந்த இடங்கள் கினெஸ்கோப் படியிலிருந்து நிரப்பப்பட்டன. இப்பணிக்காக 1988இல் அவர்களுக்கு எம்மி விருது வழங்கப்பட்டது. ஒரு நாடாவை மறுபடி ஓட்டிக் காட்டுவதே விருதுக்குரிய சாதனையாகிவிட்டமை, இழந்த திறனின் அளவைப் புலப்படுத்துகிறது.

பின்வந்த வடிவங்களும் இதே பாதையில்தான் செல்கின்றன. 1970, 1980களில் தயாரான நாடாக்கள் பலவற்றில், ஆக்சைடைப் பிணைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடுகிறது. அவற்றை மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தினால் மட்டுமே, சிறிது காலத்துக்கு ஓட்ட முடியும். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 2025ஆம் ஆண்டுக்குள் எண்மமாக்கப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் மீட்க இயலாதவை ஆகிவிடும் என எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை நாடாவின் சிதைவை மட்டும் கருதியதன்று; ஓட்டும் இயந்திரங்கள், உதிரிப் பாகங்கள், அவற்றைப் பேணும் வல்லுநர்கள் ஆகியோரின் மறைவையும் சேர்த்துக் கருதியது.

சுவடி சிதையும் முன் புதிய ஏட்டில் படியெடுத்தல் தமிழ்ப் புலமை மரபு நன்கறிந்த பணியாகும். ஆயினும் சுவடிக்கும் நாடாவுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சுவடியைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நாடாவைப் படிக்க இயந்திரம் வேண்டும். அவ்வியந்திரத்தைப் பதிந்த நாளின் அளவுக்குத் திருத்தும் கை வேண்டும். நாடாவைக் குளிரூட்டிய அறையில் பாதுகாப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நான்கு ஹெட் பதிவுக்கருவி 1956இல் முழுமை பெற்றுப் பிறந்த கண்டுபிடிப்பு அன்று. அன்றாடத் திருத்தத்தால் நாள்தோறும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்ட அமைப்பு. இரண்டாவதாக, ஓர் இயந்திரத்தின் பதிவை மற்றோர் இயந்திரம் வாசிக்கும் பரிமாற்றத் தகுதியே நாடாவைத் தாமதக் கருவி என்னும் நிலையிலிருந்து ஆவணம் என்னும் நிலைக்கு உயர்த்தியது. அத்தகுதி துல்லியமான உற்பத்தியாலும் தர நாடாவாலும் அதனோடு ஒப்பிட்டுத் திருத்திய பொறியாளர்களின் உழைப்பாலும் உண்டானது. மூன்றாவதாக, அவ்வுழைப்பு நின்றபோது, நாடா உருவில் அழியாதிருப்பினும் ஆவணம் வாய்திறவாததாகிறது.

எனவே, காணொளி ஆவணங்களைக் காக்க விழையும் நிறுவனங்கள் நாடாக்களின் பட்டியலோடு நின்றுவிடலாகாது. சீரமைப்புக் குறிப்பேடுகள், பராமரிப்புக் கையேடுகள், தர நாடாக்கள் ஆகியவற்றையும் ஆவணங்களாகச் சேர்த்தல் வேண்டும். இக்கருவிகளை இயக்கிய முதிய பொறியாளர்களின் வாய்மொழிச் சான்றுகளைக் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் வேண்டும். திரையில் வளைந்து தோன்றும் ஒரு கோட்டைக் கண்டு எந்தத் திருகைத் தொடவேண்டும் என அறிந்தவர்களின் எண்ணிக்கை, எஞ்சியுள்ள நாடாக்களைவிட விரைவாகக் குறைந்து வருகிறது.